வாடகையை நிர்ணயிக்கும் கணிப்பொறி

தர்மபுரி நகரத் தெருக்களில் 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்ற பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவ்வீட்டின் வாடகை எவ்வாறு முடிவாகிறது? வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு தொகை சொல்கிறார். குடிவருபவர் பேரம் பேசுகிறார். தொகை மிகுந்தால் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். இந்த அச்சமே வாடகைக்குக் கடிவாளம்.

அமெரிக்காவில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் இவ்வேலை கணிப்பொறியிடம் ஒப்படைக்கப்பட்டது. ரியல்பேஜ் என்னும் நிறுவனத்தின் மென்பொருள், ஒருவரோடொருவர் போட்டியிடும் உரிமையாளர்களிடமிருந்து உண்மையில் வசூலாகும் வாடகை, காலி வீடுகள் போன்ற விவரங்களைத் திரட்டி, ஒவ்வொருவருக்கும் இன்ன வாடகை கேட்கலாம் என்று பரிந்துரைத்தது.

இதில் என்ன தீங்கு?

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்குப் பத்து வீடுகள் உள்ளன, வாடகை ரூ.6,000. மாத வருமானம் ரூ.60,000. அவர் மட்டும் வாடகையை ரூ.7,000 ஆக்கினால், நால்வர் அடுத்த தெருவுக்குப் போகிறார்கள் என்று கொள்வோம். வருமானம் ரூ.42,000 ஆகக் குறைகிறது. ஊரில் எல்லா உரிமையாளர்களும் ஒருசேர ரூ.7,000 கேட்டால்? போக வேறு இடமில்லை. ஒருவர் மட்டும் சொந்த ஊர் திரும்புகிறார். ஒன்பது வீடுகளிலிருந்து ரூ.63,000 வருகிறது. ஒரு வீடு பூட்டிக் கிடந்தும் உரிமையாளருக்கு இலாபம்! நட்டம் முழுவதும் குடியிருப்போருக்கே.

உரிமையாளர்கள் கூடிப் பேசி இவ்வாறு செய்தால் அது கூட்டுச்சதி. பேசாமலே இது நடக்க முடியுமா? 1665-இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ், ஒரே சட்டத்தில் தொங்கிய இரு ஊசல் கடிகாரங்கள் ஒன்றையொன்று தொடாமலே ஒத்திசைந்து ஆடுவதைக் கண்டார். சட்டத்தின் வழியே பரவிய நுண்ணிய அதிர்வுகளே காரணம். எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளும் அத்தகைய சட்டம் போன்றதே.

சட்டத்தின் பார்வை

2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ரியல்பேஜ் மீது வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரம் இத்தகைய மென்பொருளுக்குத் தடை விதித்தது. 2025 நவம்பரில் ஒரு சமரசத் திட்டம் முன்வைக்கப்பட்டது. போட்டியாளர்களின் வெளியிடப்படாத விவரங்கள் ஓராண்டேனும் பழையவையாக இருந்தாலன்றிப் பயன்படுத்தலாகாது என்பது அதன் முக்கிய நிபந்தனை. புதிய விவரமே ஒத்திசைவுக்கு ஆதாரம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

நம் நாட்டில் நிலை என்ன? தமிழகத்தின் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' நிர்ணயிக்க வழி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி இரு தரப்பாரும் எழுத்தில் ஒப்புக்கொண்டதே வாடகை. எனவே கூட்டுச்சதி என்றால் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். வாடகைக் கார்க் கட்டணத்தைக் கணிப்பொறி நிர்ணயிப்பது கூட்டுச்சதி என்று ஓலா, ஊபர் நிறுவனங்கள் மீது கூறப்பட்ட புகாரை, ஓட்டுநர்களிடையே உடன்பாடு இல்லை எனக் கூறிப் போட்டி ஆணையம் 2018-இல் தள்ளுபடி செய்தது. 2020-இல் உச்சநீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. 2023-ஆம் ஆண்டுத் திருத்தமோ, அதே தொழிலில் இல்லாத இடையாளும் சதிக்குத் துணைபோனால் பொறுப்பாவார் என்கிறது.

ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்லும் நம் மாவட்டத்து இளைஞர்களின் சம்பளத்தில் கணிசமான பங்கு வாடகைக்கே போகிறது. ஆகவே இது நமக்கும் உரிய செய்தி. கணக்கிடுவது குற்றமன்று. பலகையில் எழுதிய வாடகையை எவரும் பார்க்கலாம். போட்டியாளரின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து விலை வைக்கலாகாது. கணிப்பொறிக்கும் இதே விதி பொருந்த வேண்டும்.