இத்தாலியின் கீழ்ப்படிகளில் ஒரு கால்பந்தாட்டக்காரர்

நம் விடுதிகளில் நள்ளிரவுக்கு மேலும் கண்விழித்து ஐரோப்பியக் கால்பந்தாட்டங்களைக் காணும் அன்பர்கள் பலர் உண்டு. அவர்களிடம் இத்தாலி என்று சொன்னால் போதும். ஜுவென்டஸ், மிலான், இன்டர் என்று மூச்சுவிடாமல் அடுக்குவார்கள். ஆனால் அந்நாட்டில் பந்து உதைத்துப் பிழைப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெரிய கழகங்களின் வாசற்படியைக்கூட மிதித்தவர்கள் அல்லர். அவர்களுடைய தொழில் எவ்வாறு நடக்கிறது? டாரியோ ஹூப்னர் என்பவரின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஏணியைப் பார்த்துவிடுவோம். இத்தாலிய மொழியில் 'செரியே' என்றால் வரிசை. உச்சியில் இருப்பது செரியே ஆ. 1929-30 பருவத்திலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே போட்டித் தொடராக அது நடந்து வருகிறது. அதன் கீழே பி. அதற்கும் கீழே சி. சம்பளம் பெறும் தொழில்முறை ஆட்டம் சி வரிசையோடு முடிந்துவிடும். டி வரிசையும் அதற்குக் கீழ்ப்பட்டவையும், கையில் ஏதோ காசு புரண்டாலும், விதிப்படி தொழில்முறை ஆகா. 1978இல் சி வரிசையைச் சி-1, சி-2 என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2014இல் மறுபடியும் ஒன்றாக்கினார்கள். இன்று ஆ, பி இரண்டிலும் சேர்த்து 40 கழகங்களுக்கு இடம். சி வரிசையில் மட்டும் 60 கழகங்களுக்கு இடம். ஆக, தொழில்முறைக் கழகங்கள் நூறென்றால் அறுபது அடிப்படியிலேயே நிற்கின்றன. ஒவ்வோராண்டும் முன்னணியில் நிற்பவை மேலேறும், பின்தங்கியவை கீழிறங்கும். இந்த ஏற்ற இறக்கந்தான் சிற்றூர்க் கழகங்களின் உயிர்மூச்சு.

ஹூப்னர் 1967இல் திரியெஸ்தே நகரில் பிறந்தார். பெரிய கழகங்கள் சிறுவர்களைப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பொறுக்கியெடுத்து வளர்ப்பது வழக்கம். இவரை எவரும் பொறுக்கவில்லை. பள்ளியை விட்டதும் கொல்லுப்பட்டறை வேலையும், அலுமினியச் சன்னல் சட்டங்கள் செய்யும் வேலையுமாக இருந்தார். ஓய்ந்த நேரத்தில் ஊர்க் கழகத்துக்கு ஆடினார். இருபது வயதுக்குப் பிறகே பியெவிஜீனா என்ற சிறு கழகம் அவரை அழைத்தது. அடுத்து, சி-2இல் ஆடிய பெர்கோக்ரேமா. பின்பு அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ஃபானோ. அங்கே 1991-92இல் சி-1 வரிசையில் தம் பிரிவின் முதல் கோல்காரராக வந்தார். உடனே செசேனா கழகம் அழைத்துக்கொண்டது. பி வரிசையில் ஐந்து பருவங்கள். 1995-96இல் 22 கோல்கள் போட்டு அங்கும் முதலிடம். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. செரியே ஆ-வில் ஓர் ஆட்டங்கூட அதுவரை ஆடியதில்லை!

இதற்குக் காரணம் என்ன? அவர் புகை பிடிப்பதையும் மது அருந்துவதையும் மறைத்தவர் அல்லர். ஆதலின், "சிகரெட்டை விட்டிருந்தால் பத்தாண்டு முன்பே மேலே வந்திருப்பார்" என்று சொல்வோர் உண்டு. சுவையான பேச்சுத்தான், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1988 முதல் 2004 வரை செரியே ஆ-வில் 18 கழகங்கள். கழகத்துக்கு இரண்டு முன்னணி ஆட்டக்காரர் என்று கொண்டால் மொத்தம் 36 இடங்கள். அதே 1988இல்தான் கழகத்துக்கு மூன்று அயல்நாட்டவரை அனுமதித்தார்கள். கோல் போடுவோரையே வெளிநாட்டிலிருந்து ஆசையோடு வாங்கினார்கள். எஞ்சியவற்றுக்குப் பெரிய கழகங்கள் தம் வளர்ப்புப் பிள்ளைகளை அனுப்பின. பட்டறையிலிருந்து தாமதமாக வந்தவருக்கு இடம் எங்கே? புகையை விட நெரிசலே அவர் மூச்சை முட்டியது என்பேன்.

கைமாறும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முற்காலத்தில் ஓர் ஆட்டக்காரர் ஒரு கழகத்தில் கையெழுத்திட்டால் கொத்தடிமை போலத்தான். கழகம் விடுவித்தாலன்றி நகர முடியாது. 1981ஆம் ஆண்டின் 91ஆம் எண் சட்டம் தொழில்முறை ஆட்டக்காரர்களை அந்தக் கட்டிலிருந்து படிப்படியாக விடுவித்தது. ஆனால் வேறொரு விந்தை 2014 வரை நீடித்தது. ஓர் ஆட்டக்காரரின் உரிமையை இரண்டு கழகங்கள் பாதி பாதியாக வைத்திருக்கலாம்! தவணை முடிந்ததும் இருவரும் விலை பேசி உடன்படாவிட்டால், ஆளுக்கொரு தொகையை எழுதி உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். எவர் தொகை பெரிதோ அவருக்கே முழு ஆளும். 1978இல் பாவ்லோ ரோஸிக்காக இவ்வாறு உறைகள் பிரிக்கப்பட்டன. ஜுவென்டஸ் எழுதியது 87½ கோடி லிரா. சிறு கழகமாகிய விசென்சா எழுதியது 260 கோடிக்கும் மேல். நாடே வாய்பிளந்தது. ஆளை வென்ற விசென்சா மறு ஆண்டே பி வரிசைக்கு இறங்கியது என்பது கதையின் மீதி. ரோஸியாவது புகழ் பெற்றவர். 1982 உலகக் கோப்பையில் ஆறு கோல் போட்டவர். பெயரற்ற சி வரிசை இளைஞன் ஒருவனுக்கு, தான் அடுத்த ஆண்டு எந்த ஊரில் வீடு பார்க்க வேண்டுமென்பது எவரோ எழுதிய உறைக்குள் இருந்தது.

ஹூப்னரிடம் திரும்புவோம். 1997இல் பிரெஷியா கழகம் அவரை வாங்கியது. அக்கழகம் அப்போது ஆ வரிசைக்கு ஏறியிருந்தது. முதல் ஆட்டம் ஆகஸ்டு 31, மிலான் நகரில், இன்டருக்கு எதிராக. பிரேசில் வீரர் ரொனால்டோ இன்டருக்காக இத்தாலியத் தொடரில் ஆடிய முதல் ஆட்டமும் அதுவே. எல்லாக் கண்களும் அவர் மீதுதான். முப்பது வயதுப் புதுமுகமான ஹூப்னர் முதல் கோலைப் போட்டார். அரங்கம் அடங்கிப்போயிற்று. ஆனால் மாற்று ஆளாக இறங்கிய உருகுவே நாட்டு ரெக்கோபா, கடைசிப் பத்து நிமிடங்களில் தொலைவிலிருந்து இரண்டு கோல் அடித்து ஆட்டத்தையே திருப்பிவிட்டார். இன்றும் அந்த நாளை ரெக்கோபாவின் நாளென்றே சொல்கிறார்கள். அந்தப் பருவத்தில் ஹூப்னர் 16 கோல்கள் போட்டும் பிரெஷியா கீழே இறங்கியது. அவரும் மறுபடி பி வரிசைக்குப் போனார். 2000இல் கழகம் மீண்டும் ஏறியபோது, ராபர்த்தோ பாஜ்ஜோவோடு தோள்சேர்ந்து ஆடும் பேறு கிடைத்தது.

2001இல் பியாச்சென்சா கழகத்துக்கு மாறினார். 2001-02 பருவத்தில் 24 கோல்கள்! ஜுவென்டஸின் பிரெஞ்சு வீரர் திரெசெகேயும் அதே எண்ணிக்கை. இருவரும் முதலிடத்தைப் பகிர்ந்தனர். ஹூப்னருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. திரெசெகேவுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள். ஹூப்னரின் கழகமோ கீழிறங்காமல் தப்புவதையே வெற்றியாகக் கருதியது. சி-1, பி, ஆ ஆகிய மூன்று வரிசைகளிலும் முதல் கோல்காரராக வந்தவர்கள் இருவரே: ஒருவர் ஹூப்னர், மற்றவர் இகோர் புரோட்டி. புரோட்டியின் வழி நேர்மாறானது. 1995-96இல் பாரி கழகத்துக்காக ஆ வரிசையில் 24 கோல்கள் போட்டு முதலிடத்தைப் பகிர்ந்தார். அப்போதும் பாரி இறங்கிற்று. பின்னர் லிவோர்னோவில் சி-1, பி இரண்டிலும் முதலிடம் பெற்றார். இருவரில் எவருக்கும் இத்தாலிய நாட்டுச் சட்டையணியும் வாய்ப்பு ஒரு முறையும் வரவில்லை.

இவர்கள் பெயராவது பதிவாகியிருக்கிறது. சி வரிசையில் சம்பளமே வாராத நாட்களும் உண்டு. அதே பியாச்சென்சா நகரின் மற்றொரு சிறு கழகம் புரோ பியாச்சென்சா. சம்பளம் கிடைக்காமல் ஆட்டக்காரர்கள் விலகிப்போக, 2019 பிப்ரவரியில் அது ஏழே இளைஞர்களோடு கூனியோ கழகத்துக்கு எதிராகக் களமிறங்கியது. விளைவு 20-0. கழகத்தைத் தொடரிலிருந்தே நீக்கினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். சம்பளம் கொடாத முதலாளிகளைப் பற்றி யோசித்தவர்கள் சிலரே.

ஹூப்னர் 2004இல் மீண்டும் சி-1க்கு இறங்கினார். மாந்தோவா கழகத்தில் ஆடினார். அப்பருவத்தின் முடிவில் மாந்தோவா பி வரிசைக்கு ஏறியது. அதன்பின் பிரெஷியாவைச் சுற்றியுள்ள தொழில்முறை அல்லாத சிறு கழகங்களின் திடல்களில், நாற்பது வயதைக் கடந்த பின்னும், கோல் போட்டுக்கொண்டிருந்தார்.