மின்சாரம் வலியைத் தீர்க்குமா?

மின்சாரம் என்றால் நமக்குப் பயம். தொட்டால் உயிரையே எடுத்துவிடும். ஆனால் அதே மின்சாரத்தை உடம்பில் செலுத்திச் சிகிச்சையும் செய்கிறார்கள். இதை மக்கள் "கரண்ட் வைப்பது" என்கிறார்கள்.

சிலர் பயந்துகொண்டு பாதியில் நின்றுவிடுகிறார்கள். வேறு சிலர், கரண்ட் வைத்தாலே எல்லா நோயும் போய்விடும் என்று நம்புகிறார்கள். இரண்டுமே தவறு.

பழைய யோசனை

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ரோம் நாட்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர் இருந்தார். கடலில் ஒருவகைத் திருக்கை மீன் உண்டு. அதன் உடம்பில் மின்சாரம் உண்டாகும். கால்வலி உள்ளவர்களை அந்த மீன்மேல் கால் வைக்கச் சொன்னார் அவர். கால் மரத்துப்போகும். வலி குறையும்.

வலி எப்படிக் குறைகிறது?

காலில் அடிபட்டால் உடனே என்ன செய்கிறோம்? தேய்த்துவிடுகிறோம். வலி கொஞ்சம் குறைகிறது. ஏன்?

வலி நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்குப் போகிறது. பிறகு மூளைக்குப் போகிறது. முதுகுத்தண்டில் ஒரு கதவு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும் உணர்வு அந்தக் கதவைப் பாதி மூடிவிடுகிறது. மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965-இல் இப்படி விளக்கினார்கள்.

மின் சிகிச்சையும் இதைத்தான் செய்கிறது. தோலில் பட்டைகளை ஒட்டுவார்கள். மிகச் சிறிய மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புவார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். சிலருக்கு வலி நன்றாகக் குறையும். சிலருக்குக் குறையாது. வலிக்கான காரணம் இதனால் மாறாது.

தசைக்கும் உதவும்

பக்கவாதம் வந்தவருக்கு மூளையின் கட்டளை கைக்குச் சரியாகப் போவதில்லை. மின்சாரம் தசையைச் சுருங்க வைக்கும். அப்போது நோயாளியும் கையைத் தூக்க முயல வேண்டும். உடற்பயிற்சிதான் முக்கியம். மின்சாரம் அதற்குத் துணை.

யார் முன்கூட்டியே சொல்ல வேண்டும்?

- இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள்
- கர்ப்பிணிப் பெண்கள்
- வலிப்பு நோய், புற்றுநோய் உள்ளவர்கள்
- சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள்

உணர்ச்சி இல்லாத தோல் சுட்டாலும் தெரியாது. புண் உண்டாகிவிடும். கண்மீதும், கழுத்தின் முன்பக்கத்திலும் மின்சாரம் வைக்கக் கூடாது.

சிகிச்சையின்போது எரிச்சல் இருந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடனே சொல்லுங்கள்.

இதை மறக்காதீர்கள்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதிலிருந்து ஒயர் இழுத்து உடம்பில் வைத்தால் உயிர் போகும். நெஞ்சுவலிக்குக் கரண்ட் வைக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலும், சிறுநீர் போகாமல் நின்றாலும் தாமதிக்காதீர்கள்.

பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. இந்தத் தொழிலை முறைப்படுத்த 2021-இல் மத்திய அரசின் சட்டம் வந்தது. சிகிச்சை தருபவர் பிசியோதெரபி படித்தவரா? சான்றிதழைக் கேளுங்கள். அதை நீங்களே படித்துப் பாருங்கள். அது உங்கள் உரிமை.

விடை சொல்லுங்கள்

1. அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் வலி ஏன் குறைகிறது?
2. மின் சிகிச்சைக்கு முன் யார் யார் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்?
3. உங்கள் ஊருக்கு அருகில் பிசியோதெரபி எங்கே கிடைக்கிறது?