பல்கலைக்கழக வாயிலில் கணிதம்

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களுக்கும் உயர்கல்வி எட்ட வேண்டும் என்பது திறந்தநிலைக் கல்வியின் அடிப்படை நோக்கமாகும். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காதவர்களுக்கென ஆறு மாத ஆயத்தப் படிப்பொன்றை வகுத்தது. 18 வயது நிரம்பியோர் சமூக அறிவியல், வணிகவியல், பொதுக் கணிதம் ஆகியவற்றுள் இரண்டைத் தேர்ந்து பயிலலாம் என்பது அதன் அமைப்பு.

இத்தகைய ஏற்பாட்டில் கணிதத்தைத் தவிர்த்துவிடவும் வழியுண்டு. ஆனால் பின்னர் வணிகவியலோ பொருளாதாரமோ பயிலும்போது, தவிர்த்த கணிதம் புள்ளியியல் வடிவில் மீண்டும் எதிர்நிற்கும். எனவே முதியோர் அஞ்சாமல் கணிதம் பயில வழிகாண்பது இன்றியமையாதது.

வானொலி முதல் கணினி வரை

இத்துறையில் இந்தியாவின் அனுபவம் சிறிதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிப் பரிசோதனை, கர்நாடகம் உட்பட ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு தழுவிய வகுப்பறை என்ற ஒளிபரப்பைத் தொடங்கியது. கல்விக்கென்றே உருவான எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2010 வரை பணியாற்றியது. 2017இல் ஸ்வயம் இணையத் தளம் தொடங்கப்பெற்றது.

ஒளிபரப்புப் பாடம் அனைவருக்கும் ஒரே வேகத்தில் செல்வது. கணிதமோ ஒரு படி புரியாவிடில் அடுத்த படி விளங்காத பாடம். பதிவு செய்த பாடத்தை நிறுத்தி மீண்டும் கேட்க இயலும். கணினிவழிப் பயிற்சியோ விடை பிழையானால் உடனே அறிவித்துவிடும். வகுப்பில் வினவக் கூச்சப்படும் வயது வந்தோர்க்கு இது பெரும் நன்மை.

வாழ்விலிருந்து கணிதம்

பெங்களூரின் விவேக் நகர் போன்ற பகுதிகளில் தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்கள் பல உள்ளன. வட்டிக் கணக்கு இவர்களுக்குப் புதிதன்று. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் பெற்ற 1,000 ரூபாய்க் கடன், தனிவட்டியில் ஓராண்டில் 1,240 ரூபாய் ஆகும். மாதந்தோறும் வட்டி அசலுடன் சேர்ந்தால் 1,268 ரூபாய் ஆகும். வேறுபாடு 28 ரூபாய்தான். ஆனால் மூன்றாண்டு முடிவில் தனிவட்டிப்படி 1,720 ரூபாய். கூட்டுவட்டிப்படி ஏறத்தாழ 2,040 ரூபாய், அதாவது அசலைப்போல் இரு மடங்குக்கும் மேல். இவ்விரண்டையும் கணினித் திரையில் வரைபடமாக இட்டால், ஒன்று நேர்கோடாகவும் மற்றொன்று வளைந்து ஏறும் கோடாகவும் தோன்றும். அடுக்குக்குறி என்ற கருத்து சூத்திரமாக வருமுன்பே பொருளுடன் மனத்தில் பதிகிறது.

கருவியும் ஆசிரியரும்

கருவி மட்டும் போதாது. விடை தவறு என்று சொல்லும் கணினி, அத்தவறு எந்த எண்ணத்தில் பிறந்தது என்பதைப் பெரும்பாலும் அறியாது. அதனைக் கேட்டறிபவர் ஆசிரியரே. ஆகவே ஆலோசனை மையங்களில் நேர்முக வகுப்புகள் தொடர வேண்டும். வேலை முடிந்து வருவோர்க்கு மாலையிலும் விடுமுறை நாட்களிலும் அவை அமைதல் நலம். வீட்டில் ஒரு மொழியும் பாடநூலில் வேறொரு மொழியும் வழங்கும் நகரங்களில், கணிதக் கலைச்சொற்களைத் தாய்மொழியில் விளக்கும் சிறு பதிவுகளும் தேவை.

சேர்க்கை எண்ணிக்கை மட்டும் இம்முயற்சியின் அளவுகோல் ஆகாது. சேர்ந்தவருள் எத்தனை பேர் கணிதத்தைத் துணிந்து தேர்ந்தனர், எத்தனை பேர் பட்டம் வரை நிலைத்தனர் என்பதே திட்டமிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டியதாகும்.