டீச்சர், பிடிஎஃப் இருக்கா?

புத்தகத்தின் பெயரை நான் சொல்லி முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். ஜொகூரில் ஆறாம் படிவ மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ஒரு நாவலைப் படித்து வாருங்கள் என்றால், எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை என்று கேட்பவர் குறைவு. அன்று மாலைக்குள் யாராவது ஒருவர் இணையத்தில் தேடிப் பிடித்து வகுப்பின் புலனக் குழுவில் போட்டுவிடுவார். கீழே வரிசையாக நன்றி சொல்லும் கைகள்.

"இப்படி எடுக்கிறது சட்டப்படி தப்பா, டீச்சர்?" என்று அண்மையில் ஒரு மாணவி கேட்டார். தப்பு என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அது முழு உண்மை ஆகாது. பரவாயில்லை என்பதும் அப்படித்தான். எந்தப் புத்தகம், யார் எழுதியது, எதற்காக எடுத்தீர்கள், எடுத்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நம் நாட்டில் இதற்குரிய சட்டம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். எழுத்தாளர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த பின் இன்னும் 50 ஆண்டுகளும் அவருடைய எழுத்துக்குப் பாதுகாப்பு உண்டு. எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. "உரிமை ஆசிரியருக்கே" என்ற வரி புத்தகத்தில் இல்லாவிட்டாலும் உரிமை அவருக்கே.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம், செய்தி போன்ற காரணங்களுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்தலாம். நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் குறிப்பிட வேண்டும். "சொந்தப் படிப்பு" என்ற சொல்லைக் கேட்டவுடன் என் மாணவர்களின் முகம் மலர்ந்தது. "நாங்க படிக்கத்தானே டீச்சர் எடுக்கிறோம்!" என்றார்கள். ஆனால் அங்கே எடை போடுகிற சொல் "நியாயமான" என்பது. எது நியாயம் என்று பார்க்க 2012இல் வந்த திருத்தம் நான்கு கேள்விகளை வைத்தது. எதற்காகப் பயன்படுத்தினீர்கள், அதில் வணிக நோக்கம் உண்டா? அது எப்படிப்பட்ட படைப்பு? எவ்வளவு எடுத்தீர்கள்? நீங்கள் எடுத்ததால் அந்தப் படைப்பின் விற்பனைக்கு என்ன ஆகும்?

முந்நூறு பக்க நூலில் ஓர் அத்தியாயத்தைப் போட்டோஸ்டேட் எடுத்துக் கட்டுரைக்காகப் படிக்கும் மாணவர் நான்கு கேள்விகளுக்கும் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். கடையில் 30 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் நாவலை அட்டை முதல் அட்டை வரை இறக்கிக்கொண்டவர் முதல் கேள்வியைத் தாண்டிவிடுவார். மூன்றாவதிலும் நான்காவதிலும் தடுமாறுவார். காசு கொடுத்து வாங்க வேண்டியதை முழுதாக எடுத்துக்கொண்டு, படிக்கத்தான் எடுத்தேன் என்பது பலவீனமான வாதம். நாவலை வேறு எதற்காக வாங்குவார்கள்?

அப்படியானால் போலீஸ் வீட்டுக்கு வருமா? அந்தப் பயம் தேவையில்லை. சட்டத்தின் 41ஆம் பிரிவு குற்றங்களைப் பட்டியலிடுகிறது. உரிமை மீறிய பிரதியை வைத்திருப்பது அதில் உண்டு. ஆனால் சொந்த, வீட்டு உபயோகத்துக்காக வைத்திருப்பதை அந்த வரியே விலக்கிவிடுகிறது. உரிமையாளர் உங்கள்மீது சிவில் வழக்குப் போடலாம் என்பது வேறு விஷயம். விற்பது, வாடகைக்கு விடுவது, விநியோகிப்பது ஆகியவைதாம் குற்றம். முதல் முறைக்கே ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2022இல் வந்த திருத்தம், அனுமதியில்லாமல் படைப்புகள் கிடைக்கும் இணைய இடத்துக்கு மற்றவருக்கு வழி ஏற்படுத்திக் கொடுப்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்தது.

இந்த இடத்தில் வகுப்பு அமைதியானது. இறக்குகிற விரலைவிட அனுப்புகிற விரல்தான் ஆபத்தானது என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. நம் பழக்கமோ நேர்மாறு. தனக்கென்று ஒன்றை எடுக்கக் கூச்சப்படுபவர்கூட, நாற்பது பேர் உள்ள குழுவில் போடுவதைத் தொண்டு என்று நினைக்கிறார். தமிழ் வார இதழ்கள் கடைக்கு வருமுன் கைப்பேசிக்கு வந்து சேர்வது இப்படித்தான். இந்தியாவில் ஒரு பெரிய இந்தி நாளிதழ், தன் பக்கங்களை டெலிகிராம் சேனல்கள் தினமும் பரப்புவதாக வழக்குத் தொடுத்தது. அந்தச் சேனல்களை நடத்துபவர்கள் யார் என்று சொல்லும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2020இல் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது.

மாணவர் பக்கமும் நியாயம் உண்டு. அதே டெல்லியில் நடந்த இன்னொரு வழக்கு அதைச் சொல்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி என்று ஒரு சிறு கடை. விரிவுரையாளர்கள் குறித்துக் கொடுத்த அத்தியாயங்களைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துத் தொகுப்பாகக் கட்டி மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் நிறுவனமும் 2012இல் அந்தக் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் தீர்ப்பு கடைக்குச் சாதகமாக வந்தது. பதிப்புரிமை தெய்வம் தந்த உரிமையோ இயற்கையில் பிறந்த உரிமையோ அல்ல என்று நீதிபதி எழுதினார். மேல்முறையீட்டிலும் அடிப்படை மாறவில்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன.

அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. அது இந்தியச் சட்டத்தில் கற்பித்தலுக்கென்று உள்ள விதிவிலக்கை வைத்து எழுதப்பட்டது. அங்கேயும் பேச்சு அத்தியாயங்களைப் பற்றித்தான், முழு நூல்களைப் பற்றி அல்ல. ஆனால் அது எழுப்பிய கேள்வி ஸ்கூடாயிலும் பாரிட் ராஜாவிலும் அப்படியே இருக்கிறது. கல்விக் கடனில் படிக்கும் பொறியியல் மாணவருக்கு, ஒரே பருவத்துக்குத் தேவைப்படும் வெளிநாட்டுப் பாடநூலின் விலை ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவாக இருக்கலாம். அவரைத் திருடர் என்று அழைக்க எனக்கு மனம் வராது. ஆனால் அவரிடம் ஒன்று கேட்பேன்: நூலகத்தில் பார்த்தீர்களா? மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சுல்தானா சனாரியா நூலகமும், பாரிட் ராஜா துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தின் துங்கு துன் அமினா நூலகமும் சந்தா கட்டி வாங்கி வைத்திருக்கும் மின்னூல்களைத் திறந்துகூடப் பார்க்காமல், கடத்தல் தளத்துக்குப் போகிறவர்களை நான் அறிவேன். பெற்றோருக்கும் ஒரு தகவல்: வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கென உள்ள 2,500 ரிங்கிட் விலக்கில் புத்தகங்களும் அடங்கும். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

இனி வருவது எனக்குப் பிடித்த பகுதி. ஒரே புத்தகம், ஒரே கோப்பு. நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் சட்ட நிலை மாறும்.

மு.வரதராசனாரை எடுத்துக்கொள்வோம். அவருடைய 'வாடா மலர்' நம் எஸ்.பி.எம். இலக்கிய மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடமாக இருந்த நாவல். மு.வ. மறைந்தது 1974 அக்டோபரில். மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டுகளை எண்ணினால் 2024 டிசம்பருடன் கணக்கு முடிகிறது. ஆக 2025 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அவருடைய எழுத்து எல்லாருக்கும் பொது. இந்தியச் சட்டம் தரும் காலம் 60 ஆண்டு; அந்தக் கணக்குப்படி 2034 முடிய வேண்டும். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் பொதுவான காலம் 70 ஆண்டு. ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். அதைக் கடப்பதற்குள் இருபது ஆண்டு வித்தியாசம்! மாணவர்கள் சிரித்தார்கள். ஆனால் தினமும் அந்தப் பாலத்தில் போய்ப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் நம்மிடம் உண்டு. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவருடைய எழுத்து இங்கே 2031 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கும். அவருடைய நூலின் பிடிஎஃப் எத்தனை தளங்களில் கிடைத்தாலும் அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

காலக்கெடு முடியக் காத்திருக்காமல் மக்களுக்கே கொடுக்கும் வழியையும் தமிழர்கள் கண்டிருக்கிறார்கள். பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை தனியார் கைக்குப் போய், கடைசியில் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பாட்டு யாருடைய சொத்து என்ற குரல் எழுந்தது. செட்டியார் அதை விட்டுக்கொடுத்தார், 1949இல் சென்னை அரசு பாரதியின் எழுத்துரிமையைக் கையகப்படுத்தியது. அந்த வழியில் பின்னாளில் பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என்று பலருடைய நூல்கள் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டன. ஆகவே 'பொன்னியின் செல்வன்' கதையை எடுக்க யாரும் ஒளிந்து நிற்க வேண்டாம். புதிய பதிப்பின் முன்னுரையும் ஓவியங்களும் வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கலாம், அதை மட்டும் கவனியுங்கள்.

ஒளியாமல் எடுக்கக்கூடிய இடங்களும் நிறைய உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரையிலான நூல்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் தளம். பக்கத்து வீட்டில் இன்னும் அழகான காரியம் ஒன்று நடந்தது. சிங்கப்பூர்ச் சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டான 2015இல், அந்த ஐம்பதாண்டுகளில் வெளியான ஏறத்தாழ 350 சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து மின்வடிவாக்கி வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமை வரும். மறைக்க என்ன இருக்கிறது?

ஏனென்றால் நம் மலேசிய எழுத்தாளர்களின் நிலை வேறு. இங்கே தமிழ் நாவல் எழுதுபவர் பெரும்பாலும் தாமே பதிப்பாளர், தாமே விற்பனையாளர், தாமே லாரி. எனக்குத் தெரிந்த ஓர் எழுத்தாளர், சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து 500 பிரதி அச்சிட்டார். காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கோயில் நிகழ்ச்சி, பள்ளிக் கூட்டம் என்று ஊர் ஊராகப் போனார். இரண்டாம் மாதமே யாரோ ஒரு வாசகர், ஆசையோடுதான், முழு நூலையும் ஸ்கேன் செய்து குழுக்களில் விட்டுவிட்டார். "போற இடத்துல எல்லாம் படிச்சேன்னு சொல்றாங்க. ஆனா வீட்டு அறையில முந்நூறு பிரதி கட்டுக் கட்டாக் கிடக்கு" என்றார் அவர். கோபத்தோடு சொல்லவில்லை, அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது. அடுத்த நாவலின் கையெழுத்துப் பிரதி அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது. அச்சிடும் எண்ணம் இப்போதைக்கு இல்லையாம்.

"பிடிஎஃப் இல்லாவிட்டால் அவர்கள் வாங்கியிருப்பார்களா என்ன?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. எல்லாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். பாதிப் பேர்கூட வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் பல்லாயிரம் பிரதி விற்கும் லண்டன் பதிப்பகத்துக்கு ஐம்பது வாசகர் குறைவது கணக்கிலேயே வராது. ஐந்நூறு பிரதி அச்சிட்டவருக்கு அந்த ஐம்பது பேர்தான் அச்சகப் பாக்கி. நம் பிள்ளைகள் விலை உயர்ந்த வெளிநாட்டு நூலுக்கும் உள்ளூர் எழுத்தாளரின் 25 ரிங்கிட் நூலுக்கும் ஒரே நியாயத்தைச் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை.

இன்னொரு வகைப் புத்தகம் உண்டு: கடையிலும் இல்லாதது, இணையத்திலும் இல்லாதது. என் மாணவி ஒருவர் தோட்டப்புறச் சிறுகதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவருக்கு வேண்டிய தொகுப்பு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பு வந்தது. குளுவாங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் அலமாரியில் ஒரு பிரதி இருந்தது. நான்கு பக்கத்தில் செல்லரித்திருந்தது. எழுத்தாளர் மறைந்து முப்பது ஆண்டு ஆகிறது, பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. கட்டுரைக்குத் தேவையான இரண்டு கதைகளை மட்டும் நகலெடுத்தோம். 13ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. முழுத் தொகுப்பையும் ஸ்கேன் செய்து பள்ளி நூலகத்தில் வைக்கக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும்.

தேட ஐந்து வாரம் ஆனது. சிகாமட்டில் ஒரு கோயில் நிர்வாகத்தினர் மூலம் அவருடைய மகளின் எண் கிடைத்தது. மாணவி தயங்கித் தயங்கி நீளமான செய்தி ஒன்றை அனுப்பினார். மறுநாள் குரல்பதிவில் பதில் வந்தது: "தாராளமா செய்யுங்கம்மா. செஞ்சதும் எனக்கு ஒண்ணு அனுப்புங்க. அப்பா புத்தகம் எங்ககிட்டயே இல்ல."