நெடுநாள் உழைக்கும் எரிவாயு அடுப்பு

நமது இல்லங்களில் ஒரு நாளும் விடுமுறை எடுக்காத கருவி அடுப்பு ஒன்றே. தையல் இயந்திரத்திற்கு ஓய்வு உண்டு, கிரைண்டருக்கும் உண்டு. அடுப்போ சித்திரை வெயிலிலும் கார்த்திகை அடைமழையிலும் காலைக் காப்பி முதல் இரவுப் பால் வரை எரிந்தாக வேண்டும். அப்படியிருந்தும் அதனை வாங்கும்போது நாம் செலவிடும் நேரம், ஒரு பட்டுச் சேலை எடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதிகூட இல்லை. கடைக்காரர் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கும் வரிசையில் எது கண்ணைப் பறிக்கிறதோ அது வீட்டிற்கு வந்துவிடுகிறது. மாணவியராகிய நீங்கள் அடுத்த முறை பெற்றோருடன் கடைக்குச் செல்லும்போது, மேல்தட்டை மட்டும் பாராமல் அடுப்பைக் கவிழ்த்துப் பார்க்கும் துணிவு வரவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

எரிவாயு நமக்குப் பழகிய பொருளாகி நெடுங்காலம் ஆகிவிடவில்லை. பர்மா ஷெல் நிறுவனம் 1950களில் பம்பாயில் இதனை வீடுகளுக்கு வழங்கத் தொடங்கியது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் இணைப்பு 1965இல் கல்கத்தாவில் முதலில் கொடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் அது நகரத்து வசதியாகவே இருந்தது. 2007இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் விறகு ஊதிய சமையலறைகள் பலவற்றுள் அதனைக் கொண்டு சேர்த்தன. அடுப்பு எல்லோருக்கும் கிடைத்தது. அதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு அதே வேகத்தில் பரவவில்லை.

முதலில் ஒரு கணக்கு. வகுப்பில் வெப்ப இயலைப் படிக்கும் மாணவியர் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படும். ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். வெப்பம் முழுவதும் பாத்திரத்திற்குள் போவதில்லை; பெரும் பங்கு பக்கவாட்டில் காற்றோடு போய்விடும். வீட்டு எரிவாயு அடுப்புகளுக்கான ஐ.எஸ். 4246 என்னும் இந்தியத் தரவிதி, வெளிப்படும் வெப்பத்தில் குறைந்தது 68 விழுக்காடு பயன்பட வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட அடுப்பில் ஒரு கிலோ எரிவாயுவைக் கொண்டு நூறு லிட்டருக்கு மேல் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். தரமற்ற அடுப்போ, தரமாக வாங்கிப் பராமரிக்காமல் கெட்ட அடுப்போ 55 விழுக்காட்டிற்கு இறங்கிவிட்டால், அதே ஒரு கிலோவில் எண்பத்தாறு லிட்டர்தான்.

இதை வீட்டுக் கணக்காக மாற்றுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் முப்பது நாள் வந்த வீட்டில் இனி இருபத்து நான்கு நாள்தான் வரும். ஆண்டுக்குப் பன்னிரண்டு சிலிண்டர் வாங்கிய குடும்பம் பதினைந்து வாங்கும். கடையில் சில நூறு ரூபாய் குறைத்து வாங்கிய பெருமை முதல் ஆண்டிலேயே கரைந்து போகிறது. மாதச் சம்பளத்தில் பள்ளிக் கட்டணமும் வாடகையும் எடுத்து வைத்த பின் மிஞ்சுவதில் குடும்பம் நடத்தும் தாய்மார்களுக்கு அந்த மூன்று சிலிண்டர் சிறிய தொகையன்று.

ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுவது முதல் வேலை. அந்த முத்திரையைத் தந்த நிறுவனம் 1987இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறிவிட்டது. முத்திரை மட்டும் பழைய பெயரிலேயே நிலைத்துவிட்டது. அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தால் போதாது. அடுப்பின் உடலிலேயே முத்திரையும், அதனருகே உரிமம் பெற்ற எண்ணும் இருக்க வேண்டும்.

இனி அடுப்பின் உயிர்நிலையாகிய பர்னருக்கு வருவோம். ஒரு பங்கு சமையல் எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். குமிழைத் திறந்தவுடன் வாயு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையுள்ள ஜெட் வழியாகப் பாய்கிறது. பாயும் வேகத்தில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு, கலவைக் குழாயின் வழியே பர்னருக்குள் சென்று, அதன் துளைகளில் வெளிப்பட்டு எரிகிறது. காற்று போதுமான அளவு கலந்தால் சுடர் நீலம். குறைந்தால் எரியாத கரித்துகள்கள் பழுத்து மஞ்சள் நிறம் காட்டும். பாத்திரத்தின் அடியில் கரி படியும். கூடவே கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் உண்டாகும். பாத்திரத்தின் அடி கறுப்பதைக் கண்டு சாம்பலும் சோப்புமாகத் தேய்த்துக் கை வலிக்க நிற்கிறோமே தவிர, அடுப்பு நோயுற்றிருக்கிறது என்பதை நாம் படித்துக்கொள்வதில்லை.

பர்னரின் மேல்மூடியைக் கடையிலேயே கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை கனமாக இருக்கும். துரு ஏறாது, உருகுநிலை ஏறத்தாழ 900 டிகிரி. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும் பொருள். அதற்காக அலுமினியக் கலவை பர்னர் உங்கள் கண் முன் உருகி ஓடும் என்று அஞ்ச வேண்டாம். ஆண்டுக்கணக்கில் சூடேறிச் சூடேறி அதன் துளைகள் அரிக்கும், விளிம்பு வளையும், மூடி சரியாக உட்காராது, சுடர் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் படுக்கும். நடுவில் தீய்ந்து ஓரத்தில் வேகாத தோசை எல்லாம் தோசை வார்ப்பவரின் குறையன்று. என் கருத்தில், அடுப்பில் வேறு எதில் சிக்கனம் செய்தாலும் பர்னரில் செய்யலாகாது. பித்தளை மூடி, கனத்த கலவைக் குழாய், இரண்டும் வேண்டும். மூடியைச் சுழற்றி விட்டால் ஆடாமல் தன் இடத்தில் பதிய வேண்டும்.

உடல் தகட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எவர்சில்வர் என்று நாம் வாய் நிறைய அழைக்கும் உலோகம் துருவே ஏறாதது என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது இரும்புதான். குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்தால், அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படர்ந்து இரும்பைக் காக்கிறது. கீறினாலும் படலம் தானே மீண்டும் வளர்ந்துவிடும். அதன் ஒரே பெரும்பகை உப்பு. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரை ஓரத்து வீடுகளில் இரண்டாம் ஆண்டிலேயே அடுப்பின் ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவது இதனால்தான். கடலில்லாத ஊர்க்காரர்களும் தப்பிவிடவில்லை. பொங்கி வழிந்த ரசத்தில் உப்பும் உண்டு, புளியும் உண்டு. அதை இரவெல்லாம் அப்படியே விட்டால் நாமே வீட்டிற்குள் ஒரு கடற்கரையைக் கொண்டுவந்து விடுகிறோம்.

கடைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டுவார். “ஒட்டவில்லை பாருங்கள், அசல் எவர்சில்வர்!” என்பார். இந்தச் சோதனை பாதி உண்மை. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 என்னும் உயர்ந்த வகையில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 என்னும் மலிவு வகையிலும் ஒட்டாது! காந்தத்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய இயலாது. எனவே காந்தத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, என்ன வகைத் தகடு என்று விலைச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் மேலும் கேட்க ஒன்றுமில்லை. மேல்தட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள்; தகரடப்பாபோல் உள்வாங்கி ஒலித்தால் தகடு மெல்லியது.

மேல்நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் வைத்து இறைச்சியும் காய்கறியும் சுடும் காஸ் கிரில் என்னும் அடுப்புக்கும் இதே கதைதான். மழையிலும் பனியிலும் வெளியே நிற்பதால் அதன் பர்னர் குழாய்கள் துருவேறி ஓட்டையாகின்றன. நல்ல எவர்சில்வர்க் குழாய் உள்ளதையே விவரமறிந்தவர்கள் தேடுகிறார்கள்.

இப்போது பலரும் விரும்புவது கண்ணாடி மேல்தட்டு. துடைப்பதற்கு எளிது, பார்ப்பதற்கு அழகு, மறுப்பதற்கில்லை. இது சாதாரணக் கண்ணாடியன்று. சூடேற்றிச் சட்டென்று குளிரச் செய்து உறுதியாக்கியது. நடுவில் விழும் அடியைத் தாங்கும்; விளிம்பில் படும் சிறு அடியைத் தாங்காது. உடைந்தால் ஒரு விரிசலோடு நிற்காமல் முழுவதும் சிறு துண்டுகளாகச் சிதறும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் குக்கரை இறக்கிப் பர்னருக்கு அருகே கண்ணாடி மீதே வைத்தார்கள். அன்று ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்துச் சூடான கண்ணாடியில் ஈரத்துணி பட்டதும் வெடித்தது. சோற்றுப் பானைக்குள்ளும் துண்டுகள். நல்ல வேளை, அருகில் குழந்தை இல்லை. வார்ப்பிரும்பு தோசைக்கல்லும் இட்லிக் கொப்பரையும் நாள்தோறும் ஏறி இறங்கும் நமது சமையலறைக்கு எவர்சில்வர்த் தட்டே ஏற்றது என்பது என் முடிவு. மாற்றுக் கருத்துடைய தாய்மார்கள் இருப்பார்கள் என்று அறிவேன்.

எத்தனை பர்னர்? ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்திற்கு இரண்டு போதும், மூன்று தாராளம். நான்கு பர்னர் அடுப்பில் பெரிய பாத்திரங்கள் இரண்டை ஏற்றிவிட்டால் மற்ற இரண்டிற்கும் இடமிருக்காது. கடைக்குப் போகுமுன் வீட்டிலுள்ள மிகப் பெரிய குக்கரின் விட்டத்தையும் தோசைக்கல்லின் விட்டத்தையும் நூலால் அளந்து எடுத்துச் செல்லுங்கள். அகன்ற தோசைக்கல் அடியில் வெப்பத்தைத் தேக்கிக் குமிழ்களின் பக்கம் தள்ளும். குமிழ்கள் பர்னருக்கு மிக அருகில் இருந்தால் அவை இளகிப்போக நாளாகாது.

குழாய் வழி இயற்கை வாயு வரும் ஊர்களில் இருப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அந்த வாயு மீத்தேன். சிலிண்டரில் வருவது புரோப்பேனும் பியூட்டேனும். இரண்டிற்கும் ஜெட் துளையின் அளவு வேறு. இயற்கை வாயுவுக்கான பெரிய துளையோடு சிலிண்டரை இணைத்தால் சுடர் அளவுக்கு மீறி உயர்ந்து பாயக்கூடும். மாற்றும் வேலையை நிறுவனத்தின் பணியாளரே செய்ய வேண்டும். பம்பு ஸ்டவ் காலத்துப் பழக்கத்தில் சிலர் அடைபட்ட ஜெட்டை ஊசியால் குத்துகிறார்கள். பித்தளை மெல்லிய உலோகம், துளை பெரிதாகிவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல அடுப்பாயினும் மஞ்சளாகவே எரியும்.

விடுதிச் சமையலறையை நடத்தும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: 19 கிலோ சிலிண்டரில் எரியும் பெரிய பர்னர்களின் அழுத்தமும் ரெகுலேட்டரும் வேறு. மேற்சொன்ன கணக்குகளை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம். வீட்டு ரெகுலேட்டரை அங்கும், அங்குள்ளதை வீட்டிலும் மாட்டவே கூடாது.

நல்ல அடுப்பை வாங்கிவிட்டுப் பழைய ரப்பர் குழாயிலேயே மாட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. உள்ளே கம்பி வலையிட்ட ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயை வாங்குங்கள். ஐந்தாண்டு ஆனால் அது நன்றாகத் தோன்றினாலும் மாற்றிவிட வேண்டும். சிலிண்டரை வாங்கும்போது அதன் கைப்பிடித் தகட்டின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகளுள் ஒன்றும் ஓர் எண்ணும் எழுதியிருப்பதைப் பாருங்கள். எழுத்து ஆண்டின் கால் பகுதியையும், எண் ஆண்டையும் குறிக்கும். சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய காலம் அது. அது கடந்திருந்தால் திருப்பி அனுப்பலாம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படரும். ஆகவே சிலிண்டர் தரையில் நிமிர்ந்தும், அடுப்பு அதைவிட உயர்ந்த மேடையிலும் இருக்க வேண்டும். புதிய அடுப்பை இணைத்தவுடன் மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியால் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வேதனை. வாயுவுக்கு இயல்பில் மணமில்லை; நாம் உணரும் நெடி, எச்சரிக்கைக்காகவே கலக்கப்படும் மெர்காப்டன். அந்த நெடி வந்தால் மின்விளக்கைப் போடவும் வேண்டாம், எரிகிறதை அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் இயங்கும் எண் அது.

கடையை விட்டு வருமுன் இரண்டு கேள்வி பாக்கி. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று எல்லோரும் கேட்பார்கள். பர்னர் மூடி, குமிழ், பாத்திரத் தாங்கி இவை தனித்தனியே இந்த ஊரிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் ஒரு மூடியை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.