துன்ப முனையில் ஒரு நாள்

துன்ப முனை!

ஓர் இடத்துக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா? வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே, க்வீன்ஸ்லாந்து மாநிலக் கடற்கரையில், கடலுக்குள் மூக்கை நீட்டிக் கொண்டிருக்கும் ஒரு காட்டு முனைக்கு ‘கேப் டிரிபுலேஷன்’ என்று பெயர். தமிழில் சொன்னால் துன்ப முனை. அந்தத் துன்பத்தைத் தேடித்தான் வருஷந்தோறும் லட்சக்கணக்கான உல்லாசப் பிரயாணிகள் கைப்பணத்தைச் செலவழித்துப் போய் வருகிறார்கள்!

பெயர் வைத்தவர் காப்டன் ஜேம்ஸ் குக். 1770-ம் ஆண்டு ஜூன் மாதம், நிலவு வெளிச்சத்தில் நிம்மதியாகப் போய்க் கொண்டிருந்த அவருடைய ‘எண்டெவர்’ கப்பல் பவளப் பாறையில் ஏறி மாட்டிக் கொண்டது. பீரங்கிகளைக் கடலில் தூக்கிப் போட்டார்கள். அடிப்பாரக் கற்களைக் கொட்டினார்கள். ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் தவித்த பிறகே கப்பல் மிதந்தது. வடக்கே ஓர் ஆற்று முகத்தில் ஒதுங்கி, ஓட்டையை அடைத்துப் புறப்பட ஏழு வாரம் ஆயிற்று. (கங்காரு என்ற சொல்லை அந்த ஆற்றங்கரை ஜனங்களிடமிருந்துதான் வெள்ளைக்காரர்கள் கற்றுக் கொண்டார்கள்.) தொல்லை ஆரம்பித்த இடத்துக்குத் தொல்லையின் பெயரையே சூட்டினார் குக். பக்கத்தில் நிற்கும் மலைக்கும் ‘துக்க மலை’ என்றே பெயர்.

குக் வருவதற்கு ஆயிரமாயிரம் வருஷம் முன்பிருந்தே அங்கே வாழ்ந்து வரும் குக்கு யலாஞ்சி மக்கள் அந்த முனையை ‘குல்கி’ என்கிறார்கள். அவர்களுக்கு அது துன்ப முனை அல்ல. வீடு!

காலை ஏழு மணி

போர்ட் டக்ளஸ் பட்டணத்து ஹோட்டல் வாசலில் காலை ஏழு மணிக்குச் சின்ன பஸ் வந்து நிற்கும். தெற்கே கெய்ர்ன்ஸ் நகரத்திலிருந்து வருகிறவர்கள் இன்னும் முன்னதாகவே எழுந்திருக்க வேண்டும். ஒரு டஜன் பேர் ஏறினால் பஸ் நிறைந்துவிடும். ஓட்டுகிறவரே வழிகாட்டி. கழுத்தில் மாட்டிய மைக்கில் பேசிக் கொண்டே ஓட்டுவார். ஒரு கண் சாலையில், ஒரு கண் மரத்தில்!

நூறு வருஷத்துக்கு மேலாகக் கரும்பு விளைந்த சமவெளி. அதைத் தாண்டினால் மாஸ்மன் பள்ளத்தாக்கு. யானை யானையாகக் கிடக்கும் பாறைகளுக்கு நடுவே பளிங்கு போன்ற தண்ணீர் ஓடுகிறது. இங்கே விருந்தாளியை நேராகக் காட்டுக்குள் விட மாட்டார்கள். குக்கு யலாஞ்சி வழிகாட்டி ஒருவர் பச்சிலைகளைப் போட்டுப் புகை மூட்டுவார். அந்தப் புகையைச் சுற்றி வந்த பிறகுதான் உள்ளே போகலாம். வருகிறவரை அந்த மண்ணின் முன்னோர்களுக்கு அறிமுகப்படுத்தி, தீயதை விலக்கும் சடங்கு அது. சாம்பிராணிப் புகைக்குப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே போனதும் அவர் ஒரு மரத்தின் இலைகளைப் பறித்து, தண்ணீர் விட்டுக் கசக்குவார். சோப்பு மாதிரி நுரை பொங்கும்! ஒரு கல்லை இன்னொரு கல்லில் உரசுவார். செங்காவி நிறம் வரும். அதைத் தம் கையில் பூசிக் காட்டுவார். விஷமுள்ள காட்டுக் கொட்டைகளை வேகவைத்து, சீவி, ஓடும் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப் போட்டு, விஷம் போன பிறகு மாவாக்கித் தின்றது அவர்களுடைய முன்னோர் கண்ட வித்தை. முதன் முதலில் அதைத் தின்று பார்த்தவர் யாரோ! அவர் துணிச்சலை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

முதலை ஆறு

அடுத்தது டெய்ன்ட்ரீ ஆறு. பாலம் கிடையாது. கம்பி வடத்தைப் பிடித்து இழுத்துக் கொண்டு போகும் ஒரு தட்டைப் படகு, இருபதுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சுமந்து கொண்டு ஐந்து நிமிஷத்தில் அக்கரை சேர்க்கிறது. நள்ளிரவில் படகு நின்றுவிடும். பிறகு பொழுது விடிகிறபோதுதான்.

பாலம் போட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. பாலம் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் கட்டடம் வரும், கட்டடம் வந்தால் காடு போகும் என்பது எதிர்த்தரப்பு. பல வருஷமாக நடக்கும் வாதம். படகு மட்டும் ஓடிக் கொண்டிருக்கிறது. அக்கரைக்காரர் வீடுகளில் சூரிய வெளிச்சத் தகடுகளும் டீசல் இயந்திரங்களும்தான் விளக்கேற்றுகின்றன.

ஆற்றின் சேற்றுக் கரையில் அலையாத்தி மரங்களுக்கடியே மரக்கட்டை மாதிரி ஏதோ கிடக்கும். கட்டை வாயைத் திறந்தால் முதலை! உவர்நீர் முதலை என்ற ராட்சத ஜாதி. தோலுக்காகச் சுட்டுச் சுட்டு அழிந்து போகும் நிலைக்கு வந்ததை, 1974-ல் க்வீன்ஸ்லாந்து சர்க்கார் சட்டம் போட்டுக் காப்பாற்றிற்று. ஆறுகளில் மட்டுமல்ல, கடலிலும் அது நீந்தும்.

மாடு கண்டுபிடித்த மரம்

ஆற்றைக் கடந்தவுடன் வெளிச்சம் மாறிப் போகிறது. இருபுறமும் மரங்கள் கை கோத்துக் கூரை போட்டு விடுகின்றன. சென்னையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. துன்ப முனையில் சராசரி அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் நின்ற நேரமே கிடையாது.

நடப்பதற்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். செருப்புக் காலில் காட்டை மிதிக்காமல் காட்டுக்குள் நடக்கலாம். விரித்த குடை மாதிரி வட்ட இலை கொண்ட விசிறிப் பனைகள். வேறொரு மரத்தின் தலையில் முளைத்து, வேரை விழுதாகக் கீழே இறக்கி, தாங்கிய மரத்தையே நெரித்துக் கொல்லும் அத்தி. கொக்கி முள்ளால் சட்டையைப் பிடித்து நிறுத்தும் பிரம்புக் கொடி. அதற்கு அங்கே ‘வக்கீல் பிரம்பு’ என்று பெயர். ஒரு தடவை பிடித்தால் லேசில் விடாதாம்! நம் கூடை முடைகிற பிரம்பும் அதே குடும்பம்தான்.

“எதையும் தொடாதீர்கள்” என்று வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொல்லும் செடி ஒன்று உண்டு. ‘ஜிம்பி ஜிம்பி’ என்று பெயர். இலை இதய வடிவில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கண்ணாடி ஊசி போன்ற ரோமம் தோலில் ஏறினால் மாதக் கணக்கில் வலிக்கும். நம் ஊர்ச் செந்தட்டியெல்லாம் அதன் முன்னே தடவிக் கொடுப்பது போல!

ஆனால் இந்தக் காட்டின் கதாநாயகன் இன்னொரு மரம். தாவர சாஸ்திரிகள் வைத்த பெயர் ‘இடியோஸ்பெர்மம்’. தனிப்பட்ட விதை என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் அதைச் சுருக்கி ‘இடியட் பழம்’, அதாவது முட்டாள் பழம் என்று ஆக்கி விட்டார்கள். முட்டாள் பழமா, இல்லை வைத்தவர்கள் முட்டாளா என்பது வேறு விஷயம்.

1902-ம் ஆண்டு கெய்ர்ன்ஸ் பக்கத்துக் காட்டில் அதைக் கண்டவர் லுட்விக் டீல்ஸ் என்ற ஜெர்மன் சாஸ்திரி. பிறகு அந்த மரத்தை யாரும் பார்க்கவில்லை. காட்டை வெட்டிக் கரும்பு போட்டு விட்டார்கள். ஜாதியே அற்றுப் போயிற்று என்று எல்லோரும் கைவிட்டாயிற்று. ஏறக்குறைய எழுபது வருஷம் கழித்து, 1971-ல், டெய்ன்ட்ரீக்கு வடக்கே ஒரு பண்ணையில் மாடுகள் திடீரென்று செத்து விழுந்தன. விஷம் வைத்தது யார் என்று கலவரம். வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே பெரிய பெரிய விதைகள்! எட்டிக் கொட்டை விஷத்தைப் போலவே வேலை செய்யும் விதைகள். சாஸ்திரிகளுக்கு அனுப்பினார்கள். அழிந்து போனதாக நினைத்த மரம், காட்டுக்குள் உயிரோடு நின்று கொண்டிருந்தது!

பயறு முளைத்தால் இரண்டு பருப்பு பிரியும். நெல் முளைத்தால் ஒன்று. இந்த விதையில் மூன்று, நான்கு கூட இருக்கிறது. பூக்கும் தாவரங்களின் மிகப் பழைய வம்சங்களில் ஒன்று இது. இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக் கொண்டு ‘கோண்டுவானா’ என்ற ஒரே நிலமாக இருந்த யுகத்தை நினைவூட்டும் மிச்சங்கள் இந்தக் காட்டில் நிறைய உண்டு. மாறாத காடு என்று விளம்பரங்களில் எழுதுவது கொஞ்சம் மிகைதான். பனியுகங்களில் காடு சுருங்கி, மலைச் சந்துகளில் ஒளிந்து, பிறகு மீண்டும் விரிந்திருக்கிறது. ஒளிந்து பிழைத்ததுதான் அதன் சாமர்த்தியம்.

தகப்பன் வளர்க்கும் பறவை

பஸ் மெதுவாகப் போகிறது. சாலையோரத்தில் ‘காசோவரி கடக்கும் இடம்’ என்ற பலகைகள். காசோவரி, ஆள் உயரம் வளரும் பறக்காத பறவை. நீலக் கழுத்து, சிவப்புத் தாடை, தலையில் கொம்புக் கிரீடம், காலில் கத்தி போன்ற நகம். முட்டை இடுவதோடு தாயின் வேலை முடிந்தது. ஐம்பது நாள் அடைகாப்பதும், மாதக் கணக்கில் குஞ்சுகளை மேய்ப்பதும் தகப்பன் பொறுப்பு.

அது வெறும் பறவையல்ல, காட்டின் தோட்டக்காரன். வேறு எந்தப் பிராணியும் விழுங்க முடியாத பெரிய பழங்களை முழுசாக விழுங்கி, நடந்த இடமெல்லாம் விதையைப் போட்டுப் போகிறது. காசோவரி போனால் பல மரங்களின் விதை தாய் மரத்தடியிலேயே கிடந்து மக்க வேண்டியதுதான். அப்படிப்பட்டதை அடித்துக் கொல்வது புலியோ சிறுத்தையோ அல்ல. மோட்டார் வண்டிகளும் வீட்டு நாய்களும்! வேகத்தடைக்கான மஞ்சள் பலகை ஒன்றில் யாரோ கோடுகள் சேர்த்து, அந்த மேட்டை விழுந்து கிடக்கும் காசோவரியாக மாற்றியிருக்கிறார்கள். மேலே உயிரோடு நடக்கும் பறவை, ‘முன்பு’. கீழே செத்த பறவை, ‘பின்பு’. பிரயாணிகள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். சில வண்டிகள் அதற்குப் பிறகாவது மெதுவாகப் போகின்றன.

குளிக்க முடியாத கடல்

பிற்பகலில் கடற்கரை. காடு கடைசி மரம் வரை வந்து மணலில் கால் வைத்து நிற்கிறது. நம் பிரயாணி ஒருவர் அங்கே போனால் ஆச்சரியப்பட்டுப் போவார். மணலுக்கு மேல் சாய்ந்து நிற்பது புன்னை! பக்கத்தில் தாழை. காலடியில் மணலைப் பின்னிக் கொண்டு ஊதாப் பூ பூத்திருப்பது அடும்பு. நெய்தல் நிலம் இத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பாலும் நெய்தல் நிலம்தான்.

வெள்ளை மணல், நீலத் தண்ணீர், ஆளில்லாத கரை. குதித்துக் குளிக்க மனம் துடிக்கும். கரையில் ஒரு பலகை நிற்கிறது: முதலை உண்டு, நீரில் இறங்காதே. இன்னொரு கம்பத்தில் காடி பாட்டில் வைத்திருக்கிறார்கள். ஊறுகாய்க்கு அல்ல! நவம்பரிலிருந்து மே வரை கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஜெல்லி மீன் கடலோரம் வரும். அதன் விழுது பட்டால் சில நிமிஷத்தில் உயிர் போகலாம். காடி ஊற்றினால் மேற்கொண்டு விஷம் பாயாது. பலகையைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்களுக்கு வழிகாட்டி ஒரு விஷயம் சொல்வார். 2016-ல் இந்தப் பக்கத்துத் தார்ன்டன் கடற்கரையில், இரவில் இடுப்பளவு நீரில் நின்ற ஒரு பெண்ணை முதலை இழுத்துக் கொண்டு போயிற்று. அதன் பிறகு பஸ்சில் யாரும் சிரிப்பதில்லை.

கழுத்தளவு மண்ணில்

துன்ப முனையோடு தார் ரோடு முடிகிறது. வடக்கே புளூம்ஃபீல்ட் வரை போவது மண் பாதை. அந்தப் பாதைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1983 டிசம்பரில் காட்டை வகிர்ந்து ரோடு போட புல்டோசர்கள் வந்தன. வேலை வேண்டும், போக்குவரத்து வேண்டும் என்றது ஒரு கட்சி. காட்டை வெட்டினால் மலை மண் கரைந்து பவளப் பாறைகளை மூடும் என்றது இன்னொரு கட்சி. எதிர்த்தவர்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்து கொண்டார்கள். சிலர் ரோட்டிலேயே குழி வெட்டிக் கழுத்து வரை தங்களைப் புதைத்துக் கொண்டு, புல்டோசரை வா என்றார்கள்! போலீஸ் வந்தது, தோண்டி எடுத்துக் கைது செய்தது. மழை வந்து வேலை நின்றது. அடுத்த வருஷம் மறுபடி ஆரம்பித்து ரோடு போட்டே விட்டார்கள்.

ரோட்டில் தோற்றவர்கள் காட்டில் ஜெயித்தார்கள். கழுத்தளவு மண்ணில் நின்ற மனிதர்களின் படங்கள் நாடு முழுக்கப் பரவின. மாநில சர்க்கார் எதிர்த்தும் மத்திய சர்க்கார் விடவில்லை. 1988 டிசம்பரில் ஏறக்குறைய 9,000 சதுர கிலோ மீட்டர் மழைக்காடு உலகப் பாரம்பரியச் சொத்தாகப் பதிவாயிற்று. கடலில் இருக்கும் பெரும் பவளத் திட்டு 1981-லேயே பதிவானது. இரண்டு சொத்துக்களும் தொட்டுக் கொள்கிற கரை இது. அதற்கு முன்பே ஆற்றுக்கு வடக்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட வீட்டு மனைகளாகப் போட்டு விற்றிருந்த காட்டைத்தான் இன்று வரை துண்டு துண்டாக வாங்கி மீட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சண்டையெல்லாம் நடந்தபோது காட்டுக்குச் சொந்தக்காரர்களை யாரும் அதிகம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பர் 29-ந் தேதிதான் டெய்ன்ட்ரீ உட்பட 1,60,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தேசியப் பூங்கா நிலம் கிழக்கு குக்கு யலாஞ்சி மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. இப்போது அவர்களும் சர்க்காரும் சேர்ந்து நிர்வகிக்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில், ‘ஜாஸ்பர்’ புயல் வந்து அடித்தது. காற்றைவிட மழைதான் கொடுமை. சில இடங்களில் ஐந்தாறு நாளில் இரண்டு மீட்டர் மழை! வூஜல் வூஜல் என்ற ஆதிக்குடிகள் ஊரிலிருந்து ஜனங்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் கொண்டு போனார்கள். மலை சரிந்து ரோட்டை மூடிற்று. துன்ப முனைக்குப் பிரயாணிகள் வரத்து மாதக் கணக்கில் தடைப்பட்டது. வழிகாட்டிகளும் கடைக்காரர்களும் வருமானம் இல்லாமல் நின்றார்கள். சரிந்த சரிவுகளை இன்றும் வழிகாட்டி கை நீட்டிக் காட்டுவார். செம்மண் தழும்புகளின் மேல் கொடிகள் ஏறத் தொடங்கியிருக்கும்.

திரும்புகிற வழியில் ஒரு பழத்தோட்டத்தில் பஸ் நிற்கும். முள் சீத்தா, பலா, கறுப்பு சப்போட்டா என்று தோட்டத்துப் பழங்களில் செய்த ஐஸ் கிரீம். பலாப்பழ ஐஸ் கிரீமை மூக்கைச் சுளித்து வாங்கிய வெள்ளைக்காரரே இரண்டாவது கிண்ணத்துக்கு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

பொழுது சாய்கிற நேரத்தில் படகுத் துறை. வரிசையில் வண்டிகள் காத்திருக்கின்றன. என்ஜினை நிறுத்தினால் தவளைச் சத்தம். படகு அக்கரையிலிருந்து கிளம்பி, கம்பியைப் பிடித்துக் கொண்டு நிதானமாக வருகிறது. அலையாத்தி வேர்களுக்கிடையே ஒரு கட்டை மெல்ல நகர்கிறது. கீழே இறங்கி நின்ற குழந்தைகளை வழிகாட்டி பஸ்சுக்குள் ஏறச் சொல்கிறார்.