கூரை மாற்றமும் உழைப்பாளர் உடல்நலமும் – சில குறிப்புகள்

ஓலைக் கூரை ஓட்டுக்கும், ஓடு அஸ்பெஸ்ரோஸ் தகட்டுக்கும் இடம்விட்டமை எமது கிராமங்களின் பொருளாதார மாற்றத்தோடு இணைந்த நிகழ்ச்சியாகும். இன்று அத்தகடுகள் பலவும் முதுமையெய்திவிட்டன. அவற்றை அகற்றி, துத்தநாக அலுமினியப் பூச்சுடைய உருக்குத் தகடுகளை இடுவோர் பலர். இம்மாற்றம் பெரும்பாலும் செலவுக் கணக்காகவே நோக்கப்படுகின்றது. பழைய கூரை இறங்கும் அந்த ஒரு நாளின் அபாயத்தை எவர் சுமக்கின்றார் என்ற வினா எழுப்பப்படுவது அரிது.

அஸ்பெஸ்ரோஸ் நாருருவான ஒரு கனியம். சீமெந்துடன் பிணைந்துள்ளவரை அதன் நார்கள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தகட்டை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளைக்கும்போதும் அவை கண்ணுக்குப் புலப்படாத தூசாகக் காற்றிற் கலக்கின்றன. அவற்றைச் சுவாசிப்பதால் விளையும் சுவாசப்பைப் புற்றுநோயும், சுவாசப்பையின் உறையிலே தோன்றும் மீசோதீலியோமாவும் பெரும்பாலும் 20 தொடக்கம் 40 ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவன. நாட்கூலிக்கு உழைத்தவர் அந்நோயை எந்த முதலாளியின் கணக்கில் எழுதுவது? இலங்கை 1987இல் நீல அஸ்பெஸ்ரோசைத் தடைசெய்தது, வெள்ளை அனுமதிக்கப்பட்டது. பின்னர் வெள்ளையையும் மட்டுப்படுத்த எடுக்கப்பட்ட தீர்மானம், 2017 டிசெம்பரில் ரஷ்யா எமது தேயிலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியதையடுத்துப் பின்போடப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்ரோசை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ரஷ்யா முதன்மையானது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பழைய கூரையை அகற்றுமுன் தகடுகளை நீரால் நனைத்தல் வேண்டும். நனைந்த தூசு எழாது. ஆனால் நனைந்த தகடு வழுக்கும்; பழைய தகடோ காகத்தைத் தாங்குமேயன்றி மனிதனைத் தாங்காது. ஆகையாற் சிலாகைகளுக்குக் குறுக்கே பலகையிட்டு அதன்மேலேயே நிற்றல் வேண்டும். கொளுக்கி ஆணிகளை வெட்டி, தகட்டை முழுமையாகக் கைமாற்றி இறக்குதலே முறை. மேலிருந்து எறிதல் ஆகாது. வாயைச் சுற்றிக் கட்டும் துவாய்த்துண்டு இந்நார்களைத் தடுக்காது. நுண்தூசை வடிக்கும் சுவாசக் கவசமே வேண்டும். சிதறியவற்றைத் தும்புத்தடியாற் கூட்டாது ஈரத்துணியால் ஒற்றியெடுத்தல் நன்று. இவையாவும் நேரத்தை விழுங்குவன. கூரைக்கு இவ்வளவென்று ஒட்டுமொத்தக் கூலி பேசப்படுகையில் முதலிற் கைவிடப்படுவதும் இதுவே.

புதிய தகட்டை ஏற்றுமுன் கைமரங்கள், முகட்டு வளை, சிலாகைகள் ஆகியவற்றிற் கறையானும் உளுப்பும் உள்ளனவா எனத் தச்சர் தட்டிப்பார்ப்பார். ஆயினும் மரத்தின் வலிமை மட்டும் போதாது. உருக்குத் தகட்டின் பாரம் அஸ்பெஸ்ரோஸ் தகட்டினதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. பாரம் குறைவது சுவருக்கு நன்மை. காற்றின் முன்னர் அதுவே தீமை. கூரைமேல் விரைந்து செல்லும் காற்று, முகட்டிலும் தாழ்வாரத்திலும் மூலைகளிலும் தகட்டை மேனோக்கி உறிஞ்சுகின்றது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்க்கு இதனை விரிக்க வேண்டியதில்லை. நேராக அறைந்த ஆணி கழன்றுவிடும். திருகாணியால் தகட்டைச் சிலாகையோடும், சிலாகையைக் கைமரத்தோடும், இரும்புப் பட்டியாற் கைமரத்தைச் சுவர்மரத்தோடும், சுவரிற் புதைத்த ஆணியாற் சுவர்மரத்தைச் சுவரோடும் பிணைத்தல் வேண்டும். இத்தொடரில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் ஏனையவை பயனற்றுப்போம்.

இறக்கிய தகடுகளைத் தடித்த பொலித்தீனிற் பொதிந்து, உடையாது புதைத்தல் வேண்டும். நடைமுறையிலோ, அவை கூலியோடு சேர்த்து ‘இனாமாக’ உழைப்பாளிக்கே கொடுக்கப்பட்டு, வெட்டித் துளையிடப்பட்டு, அவரது குசினிக்குக் கூரையாவதும் உண்டு.